டவர் இல்லாத இடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்



சென்ற இதழில் நம் செயலாளர் மழைக்கால முன்னேற்பாடுகள் பற்றி எழுதியிருந்தார். ஜெனரேட்டருக்கு டீசல், சம்ப்புக்கு மூடி, கார்களை மேட்டுப் பக்கம் நிறுத்துவது எல்லாம் அதில் இருந்தது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. போன் வேலை செய்யாமல் போனால் வெளியூரில் இருக்கும் நம் ஆட்களுக்கு எப்படித் தகவல் சொல்வது? கேட்டேன். "நீங்களே எழுதுங்கள் சார்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மின்னணுவியல் என் பாடம் அல்ல. ஆனால் டவரும் இணையமும் இல்லாத இடங்களிலிருந்து ஹாம் ரேடியோ வழியாக மின்னஞ்சல் அனுப்பும் கதையைச் சில வருடங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதைக் கணக்குப் புத்தகத்தின் பாஷையிலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில், எனக்கு இந்த ஆர்வம் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்தொரு சீட்டுகள்

2015 டிசம்பர் 1 இரவை அப்போது இங்கே குடியிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, லேண்ட்லைன் இல்லை, செல்போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. மூன்றாம் தேதி சி பிளாக்கில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர், தண்ணீரில் நடந்து மேம்பாலத்தின் உச்சிக்குப் போனால் ஒரு கோடு சிக்னல் வருகிறது என்று கண்டுபிடித்து வந்தார். பேச முடியவில்லை, எஸ்.எம்.எஸ். மட்டும் போகிறது என்றார்.

உடனே வீட்டுக்கு வீடு ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னோம். யாருக்கு, என்ன எண், என்ன செய்தி. மொத்தம் 41 சீட்டுகள் வந்தன. தலைமுறை தலைமுறையாகக் கிளார்க் குடும்பம், சும்மா இருப்பேனா? எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசை எண் போட்டு, கட்டம் கட்டி, என் கையால் எடுத்தெழுதிக் கொடுத்தேன். அதை பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மாலையில் திரும்பி வந்தபோது 41 வரிகளிலும் டிக் போட்டிருந்தது. அன்று இரவுதான் பலரும் தூங்கினார்கள்.

ஏ பிளாக் தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு ஏற்றி உட்காரவைத்திருந்த ஒரு பெரியம்மாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அவருடைய மகன் புனேயில் வேலை. ஐந்தாம் தேதி மாலை அந்த மகன் முழங்கால் வரை சேற்றோடு நம் கேட்டில் வந்து நின்றார். செய்தி கிடைத்ததும் ஓடி வந்துவிட்டான் என்று பெரியம்மா பூரித்துப் போனார். ஆனால் அவருக்குச் செய்தி எதுவும் போகவில்லை. விமானமும் ரயிலும் இல்லாமல் பெங்களூர் வழியாகச் சாலையில் வந்து, இங்கே வருவதற்கு முன்னால் இரண்டு ஆஸ்பத்திரிகளில் தாயைத் தேடிவிட்டு வந்திருக்கிறார்.

தாளை எடுத்துப் பார்த்தேன். பெரியம்மா எழுதிய 7 என் கையில் 1 ஆகியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் எண்களை எழுதியே சம்பளம் வாங்கியவனின் கை. "பரவாயில்லை அங்கிள்" என்று அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது இன்றுவரை ஆறவில்லை.

செய்தி அனுப்புவதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன என்பதை அன்று கற்றுக்கொண்டேன். நேராகப் போக முடியாத இடத்துக்குச் செய்தியை யார் கை மாற்றிக் கொண்டுபோவது? போய்ச் சேரும் நேரத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? போனது பிழையில்லாமல்தான் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஹாம் ரேடியோ மின்னஞ்சலின் வரலாறு என்பது இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் கண்டுபிடித்த வரலாறுதான்.

கை மாற்றிக் கொடுத்தவர்கள்

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்காக, காசு வாங்காமல், அரசு உரிமம் பெற்று வானொலியில் பேசிக்கொள்ளும் தனிமனிதர்களின் உலகம். அமெச்சூர் வானொலி என்பது அதன் முறையான பெயர். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. வண்டிக்கு நம்பர் பிளேட் போல. நம் நாட்டில் அது பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும்.

1914இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெச்சூர், பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு ஒரு செய்தி அனுப்ப முயன்றார். சுமார் 50 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அவருடைய கருவியின் சக்தி எட்டவில்லை. வழியில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இருந்த இன்னொரு அமெச்சூரைப் பிடித்து, அவர் வாங்கி மேலே அனுப்ப, செய்தி போய்ச் சேர்ந்தது. இப்படி ஊருக்கு ஒருவர் நின்று கை மாற்றினால் நாடு முழுவதும் செய்தி போகுமே என்று தோன்றியது. அந்த வருடமே அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் பிறந்தது. இன்றும் அந்தச் சங்கத்தின் பெயரில் 'ரிலே' இருப்பதற்கு இதுதான் காரணம். நம்முடைய சி பிளாக் மாணவர் மேம்பாலத்தில் செய்ததும் அதே வேலைதான்.

இந்த அமெச்சூர்கள் கை மாற்றிய செய்திகளுக்கு ரேடியோகிராம் என்று பெயர். அதன் தலைப்பில் செய்தி எண், அனுப்பியவர், தேதி ஆகியவற்றோடு 'செக்' என்று ஒரு கட்டம் இருக்கும். செய்தியில் மொத்தம் எத்தனை சொற்கள் என்பதை அதில் குறிப்பார்கள். வாங்குபவர் எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் வாங்கிக்கொண்டதாக ஒப்புக்கொள்வார். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பழைய வங்கிக் கிளை ஞாபகத்துக்கு வந்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஊர் விட்டு ஊர் அவசரமாகப் பணம் அனுப்ப டி.டி. என்ற தந்தி மாற்று முறை இருந்தது. தந்தியில் தொகையை மட்டும் அடித்தால் போதாது. தேதி, தொகை, கிளை ஆகியவற்றுக்கு ஒவ்வோர் எண் கொடுத்து, கூட்டிவரும் ஒரு இரகசிய எண்ணையும் சேர்த்து அடிக்க வேண்டும். அந்தச் சங்கேதப் புத்தகத்தை ஆபீசர் பூட்டி வைத்திருப்பார். வாங்கும் கிளையிலும் கூட்டிப் பார்த்து, எண் ஒத்துப்போனால்தான் பணம் கொடுப்பார்கள். பிறகு தபாலில் உறுதிப்படுத்தும் நகலும் வரும். தந்திக்காரர் ஒரு பூஜ்யத்தைத் தவறவிட்டாலும் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துபோனது. ஆனால் அந்தக் கூட்டல் சாகவில்லை. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஹவாயும் மாண்ட்ரியாலும்

கம்ப்யூட்டர்கள் வானொலியில் பேசிக்கொள்வதை முதலில் நடத்திக் காட்டிய இடம் ஹவாய்த் தீவுகள். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரை மற்றத் தீவுகளில் இருந்தவர்களும் பயன்படுத்த வேண்டும். இடையில் கடல். 1971இல் நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு 'அலோஹா' என்ற வானொலி வலையமைப்பை இயக்கியது. எல்லோரும் ஒரே அலைவரிசையில், செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புவார்கள். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வராது. உடனே இருவரும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புவார்கள். கவுன்டரில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசிவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்று மாறி மாறி ஒதுங்குவது போல.

அமெச்சூர்கள் இதை விடுவார்களா? 1978இல் கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து அமெச்சூர்கள் இதே பொட்டல முறையைத் தங்கள் அலைவரிசையில் தொடங்கினார்கள். கனடா அரசு முன்னதாகவே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் 1980இல் அனுமதி கிடைத்தது. வான்கூவர் நகரத்திலும், பிறகு அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்திலும் இருந்த குழுக்கள், ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வைக்கும் பெட்டியைச் செய்து காட்டின. 1984க்குள் ஏ.எக்ஸ்.25 என்று இதற்கான பொது விதிமுறையே வந்துவிட்டது.

இரண்டாவது சிக்கலும் அப்போதுதான் தீர்ந்தது. சில அமெச்சூர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓடவிட்டு, அதை ஒரு தபால்பெட்டியாக ஆக்கினார்கள். செய்தி வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். உரியவர் எப்போது தொடர்பு கொள்கிறாரோ அப்போது கொடுக்கும். வேறு ஊருக்குரியது என்றால் அடுத்த ஊர்ப் பெட்டிக்குத் தள்ளிவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆள் இருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளுக்கு இணையம் வருவதற்குப் பல வருடம் முன்பே, வானொலியில் மின்னஞ்சல் இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

இதே யோசனை விண்வெளிக்கும் போனது. 1990 ஜனவரியில் ஒரே ராக்கெட்டில் பல சிறு அமெச்சூர் செயற்கைக்கோள்கள் ஏறின. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில், நூறு நிமிடத்துக்கு ஒரு முறை உலகைச் சுற்றும் பறக்கும் தபால்பெட்டிகள் அவை. தலைக்கு மேலே வரும்போது செய்தியைப் போட வேண்டும். வேறொரு கண்டத்தின் மேலே போகும்போது அங்கே எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் கட்டிய இத்தகைய செயற்கைக்கோள்களை வைத்துத்தான் சாட்டெலைஃப் என்ற தொண்டு நிறுவனம் ஆப்பிரிக்க மருத்துவர்களுக்கு மருத்துவத் தகவல்களை அனுப்பியது. ஒழுங்கான போன் லைன்கூட இல்லாத ஆஸ்பத்திரிகள் அவை.

ஏழில் நான்கு

இனி என் சொந்தச் சிக்கலுக்கு வருகிறேன். பிழை.

நெடுந்தூரம் போகும் அலைகள் சிற்றலைகள். வானில் மிக உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற படலங்கள் இருக்கின்றன. சிற்றலை அவற்றில் பட்டு வளைந்து மீண்டும் தரைக்கு வரும். இதனால்தான் அந்தக் காலத்தில் இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பையும் பி.பி.சி. தமிழோசையையும் நாம் சிற்றலையில் கேட்க முடிந்தது. கேட்டவர்களுக்கு அந்த இரைச்சலும் தெரியும். பாட்டு அலைமோதி, மங்கி, மீண்டும் வரும். பாட்டு மங்கினால் பரவாயில்லை. எண் மங்கினால்?

1970களின் பிற்பகுதியில் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மார்ட்டினெஸ் என்ற அமெச்சூர், கப்பல்களில் பயன்பட்ட ஒரு டெலக்ஸ் முறையை அமெச்சூர்களுக்காக மாற்றியமைத்தார். அதற்கு ஆம்டர் என்று பெயர். இதன் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வோர் எழுத்தும் ஏழு குறிகளாகப் போகும். குறி இரண்டு வகை. எந்த எழுத்தாக இருந்தாலும் ஏழில் நான்கு ஒரு வகை, மூன்று மற்றொரு வகை. இரைச்சலில் ஒரு குறி மாறிப்போனால் நான்குக்கு மூன்று என்பது ஐந்துக்கு இரண்டு ஆகிவிடும், அல்லது மூன்றுக்கு நான்கு ஆகிவிடும். உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்று எழுத்து அனுப்பி நிறுத்துவார்கள். சரி என்று பதில் வந்தால் அடுத்த மூன்று. இல்லாவிட்டால் அதே மூன்றைத் திரும்ப அனுப்ப வேண்டும். நொடிக்கு ஆறு ஏழு எழுத்துதான் வேகம். மெதுவானாலும் நம்பலாம்.

காமர்ஸ் படித்தவர்கள் இந்நேரம் ஒரு கேள்வி கேட்பீர்கள். ஒரே எழுத்தில் இரண்டு குறிகள் எதிரெதிராக மாறினால்? கூட்டல் ஒத்துப்போகும், விஷயம் தப்பாக இருக்கும். இருப்பாய்வில் நாம் படித்த ஈடுசெய் பிழைகள் அவைதான். இருப்பாய்வு டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று சொல்ல முடியாது என்று எங்கள் பேராசிரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். பொட்டல முறைக்காரர்கள் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். பொட்டலம் முழுவதையும் ஒரு பெரிய எண்ணாகக் கருதி, ஒரு குறிப்பிட்ட முறையில் வகுத்து, மீதியை வாலில் ஒட்டி அனுப்புவார்கள். வாங்குபவர் அதே வகுத்தலைச் செய்து பார்ப்பார். மீதி ஒத்துவராவிட்டால் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் கேட்பார். எங்கள் ஆபீசர் பூட்டி வைத்திருந்த கூட்டலின் தம்பி இது. இரகசியம் இல்லாத தம்பி, அவ்வளவுதான்.

1991இல் ஜெர்மனியின் இரண்டு அமெச்சூர்கள், ஹான்ஸ்-பீட்டர் ஹெல்ஃபெர்ட்டும் உல்ரிச் ஸ்ட்ராட்டேயும், இரண்டு முறைகளின் நல்ல அம்சங்களைச் சேர்த்து பாக்டர் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கெட்டுப்போய் வந்த பொட்டலத்தை அது தூக்கிப் போடாது. இரண்டாவது தடவை வந்ததும் கெட்டிருந்தால் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் படித்துப் பார்க்கும். கார்பன் பேப்பரில் நாலாவது நகலும் ஐந்தாவது நகலும் மங்கலாக இருந்தால், இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் படிப்போம் அல்லவா? அதே வித்தைதான்.

விக் பூர் என்ற மனிதர்

இந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றாகக் கோத்தவர்களில் முக்கியமானவர் விக்டர் பூர். இவர் சாதாரண ஆள் அல்ல. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் இருந்த, பின்னாளில் டேட்டாபாயின்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தில் பொறியாளர். அவரும் ஹாரி பைலும் சேர்ந்து போட்ட வடிவமைப்பிலிருந்துதான் 1972இல் இன்டெல் நிறுவனத்தின் 8008 என்ற சிப் வந்தது. இன்று உங்கள் வீட்டு லேப்டாப்புக்குள் இருக்கும் சிப்பின் வம்சாவளியை எடுத்தால் பெரும்பாலும் அங்கே போய்த்தான் நிற்கும்.

அப்படிப்பட்டவர் 1980களில் ஆப்லிங்க் என்ற மென்பொருளை எழுதினார். சிற்றலையில் ஆம்டரில் வரும் செய்தியை வாங்கி, உள்ளூர்ப் பொட்டல வானொலித் தபால்பெட்டிகளில் சேர்க்கும். 1990களில் அது விண்டோஸுக்கு மாறியபோது வின்லிங்க் ஆயிற்று. அந்தப் பத்தாண்டின் முடிவில் வின்லிங்க் 2000 வந்தது. இணையத்தின் சாதாரண மின்னஞ்சலோடு அதை நேராக இணைத்துவிட்டார்கள். விக் பூர் 2012இல் காலமானார். தன்னார்வலர்கள் அதை இன்றும் நடத்துகிறார்கள்.

இதை முதலில் கொண்டாடியவர்கள் பாய்மரப் படகில் பசிபிக் கடலைக் கடந்த குடும்பங்கள். கரை தெரியாத இடத்திலிருந்து இரவில் படகின் கம்பியையே ஆன்டெனாவாக்கி ஒரு பக்கச் செய்தி அனுப்புவார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று, எல்லோரும் நலம். ஊரில் இருக்கும் பாட்டி அதைத் தன் சாதாரண மின்னஞ்சலில் படித்துவிட்டு, பேரன் இன்றைக்கு எங்கே இருக்கிறான் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொள்வாள். வானிலை அறிக்கையையும் படகிலிருந்தபடியே கடிதம் போட்டு வரவழைக்கலாம். பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற அந்த ஒரு வரிதான் நமக்கு 2015இல் வேண்டியிருந்தது.

இன்று இது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு சிற்றலை ரேடியோ, ஒரு லேப்டாப், இரண்டுக்கும் நடுவில் ஒரு மோடம், ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு கம்பி. செய்தியை எழுதி 'அனுப்பு' என்றால் அது சுருக்கப்பட்டு, வெள்ளமோ புயலோ இல்லாத தூரத்து ஊரில் இருக்கும் ஒரு நிலையத்தைத் தேடிப் போகும். அங்கே இணையம் இருக்கும். அங்கிருந்து சாதாரண மின்னஞ்சலாக மாறி உங்கள் மகளின் போனுக்குப் போய்விடும். அவர் பதில் போட்டால், நீங்கள் அடுத்த முறை தொடர்பு கொள்ளும் வரை அது காத்திருக்கும். பாக்டர் மோடம் விலை ஆயிரம் டாலருக்கு மேல். இப்போது கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டே மோடத்தின் வேலையைச் செய்யும்படி வேறு முறைகளும் வந்துவிட்டதால் செலவு குறைந்திருக்கிறது.

பேரிடரில் நடந்தது

2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் தலைமையில் ஒரு குழு, பல வருடங்களுக்குப் பிறகு அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ இயக்குவதற்காகப் போர்ட் பிளேர் போயிருந்தது. டிசம்பர் 26 காலை சுனாமி. பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஆன்டெனா அன்றே உயிர்நாடி ஆகிவிட்டது. அந்தக் குழு ஊர் திரும்பாமல் தங்கி, தீவில் இருப்பவர்களின் நிலையைப் பெருநிலத்து அமெச்சூர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அது குரல் வழித் தொடர்பு. குரலுக்கு ஈடு இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பெயர்களையும் எண்களையும் இரைச்சலுக்கு நடுவில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுதிக்கொள்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். 41 பெயருக்கே, நல்ல வெளிச்சத்தில், நான் தவறு செய்தேன்.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. தீவு முழுவதும் மின்சாரம் போய்விட்டது. செல்போன் நிலையங்களில் நூற்றுக்கு 95 வேலை செய்யவில்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், நான் முன்னே சொன்ன ரிலே லீக்கிடம் 50 பேர் வேண்டும் என்று கேட்டது. கடைசியில் 22 அமெச்சூர்கள் போய்ச் சேர்ந்து சுமார் மூன்று வாரம் இருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை, வெளியே இருக்கும் சொந்தக்காரர்கள் தேடிப் பார்க்கும் பட்டியலுக்குக் கொண்டுசேர்ப்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. அவர்கள் கையாண்ட வழிகளில் வானொலி மின்னஞ்சலும் இருந்தது. 1914இல் ஒரு செய்தியைக் கை மாற்றத் தொடங்கிய சங்கம், 103 வருடம் கழித்தும் அதே வேலையைச் செய்தது.

இதில் முடியாதவை

நம் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பற்றி ஒரு முறை சொன்னபோது, "அப்படியானால் நெட் பில்லே கட்ட வேண்டாமே சார்" என்று ஒருவர் போட்டார். அப்படி இல்லை.

முதலாவது, உரிமம் வேண்டும். மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுதித் தேற வேண்டும். எந்த முறையில் எந்த அலைவரிசையில் அனுப்பலாம் என்பதை அந்த உரிமத்தின் விதிகள் சொல்லும்.

இரண்டாவது, வியாபாரம் கூடாது. வங்கி வேலை, ஆர்டர் எடுப்பது, எதுவும் கூடாது.

மூன்றாவது, இரகசியம் கூடாது. பொருள் மறையும்படி சங்கேதத்தில் அனுப்பக்கூடாது என்பது சர்வதேச விதி. அமெச்சூர் அலைவரிசை ஒரு பொதுத் திண்ணை. அங்கே பேசுவதை மற்றவர்கள் கேட்க முடிய வேண்டும். ஆகவே ஓ.டி.பி., பாஸ்வேர்டு, மருத்துவ ரகசியம் ஆகியவற்றுக்கு இது வழி அல்ல. வேகமாகவும் சுருக்கியும் அனுப்பும் புதிய முறைகளை மற்றவர்கள் காதால் கேட்டோ வேறு கருவியாலோ படிக்க முடியவில்லை என்று அமெரிக்க அமெச்சூர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து காதுக்குள் பேசலாமா என்ற கேள்வி அது. நியாயமான கேள்விதான்.

நான்காவது, நாடு விட்டு நாடு மற்றவர்களுக்காகச் செய்தி அனுப்புவது என்பது அவசரக் காலத்துக்கும் பேரிடர் உதவிக்கும் மட்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. வேண்டுமானால் நாடுகள் தமக்குள் பேசி இதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

புகைப்படம், வீடியோ என்றெல்லாம் ஆசைப்படவும் வேண்டாம். எழுத்து மட்டும், அதுவும் சுருக்கமாக. தந்தி அனுப்பிய தலைமுறைக்கு இது கஷ்டம் இல்லை.

நம் மொட்டை மாடி

நம் கட்டடத்தில் இது முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மீட்டர் அலைவரிசைக்கு அதில் பாதி, சுமார் 20 மீட்டர் நீளமுள்ள கம்பி வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்ப்புறக் கைப்பிடிச் சுவர் வரை நம் மாடியின் நீளம் அதற்குப் போதும். துணி காயப்போடும் கொடிக்கயிறு அளவுக்குத்தான் தெரியும். இந்த அலையை அதிக உயரத்தில் கட்டாமல் விட்டால் ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழை போலக் கீழே இறங்கும். நம் ஊர் மூழ்கினாலும் மூழ்காத மதுரையோ ஹைதராபாத்தோ அந்த வட்டத்துக்குள் வரும்.

ஆனால் கம்பிக்கு முன்னால் ஆள் வேண்டும். உரிமம் உள்ள ஆள். அது நம்மிடம் இல்லை. தேர்வுக்கான பாடத்திட்டத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஓம் விதியைப் படிக்கும்போது நாற்பத்தைந்து வருடம் முன்பு பள்ளியில் தூங்கியது தெரிகிறது. இருந்தாலும் விடுவதாக இல்லை. கூடப் படிக்க யாராவது வந்தால் நல்லது, இளைஞர்கள் வந்தால் மிகவும் நல்லது. உரிமம் வந்த பிறகு மொட்டை மாடியில் கம்பி கட்ட அசோசியேஷனிடம் முறையாகக் கடிதம் கொடுப்போம். அப்போது பொதுக்குழுவில் நீங்கள் கை தூக்க வேண்டும், அதை இப்போதே கேட்டு வைக்கிறேன்.

அது நடக்கும்வரை இந்த மழைக்கு நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அசோசியேஷன் அலுவலகத்தில் ஒரு கட்டம் போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வெளியூர் எண்கள். ஒவ்வோர் எண்ணையும் நீங்கள் ஒரு முறை, வேறொருவர் ஒரு முறை எழுத வேண்டும். பக்கத்திலேயே பத்து இலக்கங்களையும் கூட்டி வரும் தொகையை எழுத ஒரு சின்னக் கட்டம். எடுத்தெழுதும்போது யாராவது 7ஐ 1 ஆக்கினால் கூட்டல் ஆறு குறையும், உடனே தெரிந்துவிடும். இரண்டு இலக்கம் இடம் மாறினால் கூட்டல் காட்டாது என்பது எனக்கும் தெரியும். இரண்டு கை எழுதுவது அதற்காகத்தான்.

புனேக்காரர் இப்போதும் தீபாவளிக்கு எனக்குப் போன் செய்கிறார். சென்ற வருடம் அவரிடம் இந்த நோட்டைப் பற்றிச் சொன்னேன். "முதல் வரியில் என் நம்பரை எழுதிக்கோங்க அங்கிள்" என்றார். எழுதியிருக்கிறேன். பெரியம்மா தன் கையால் ஒரு முறை எழுதினார், நான் ஒரு முறை. கூட்டலும் ஒத்துப்போகிறது. மீதி வரிகள் உங்களுக்காகக் காலியாக இருக்கின்றன. மழைக்கு முன்னால் வந்து நிரப்பிவிட்டுப் போங்கள்.